ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு சாவி

எனக்கு ஓட்டப் பந்தயம் என்றாலே ஆகாது. வேலைவெட்டி இல்லாதவர்கள் வேர்ப்பதற்காகச் செய்கிற காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஏற்காட்டில் ஏரிப் பக்கம் என் கடை. காப்பித்தூள், மிளகு, கொய்யா, சீசனுக்கு ஆரஞ்சு, மழை நாளில் பிளாஸ்டிக் கோட்டு என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் வைத்திருப்பேன். காலையில் கடை வாசலைக் கூட்டும்போது ஏழெட்டுப் பேர் கலர் கலராக பனியன் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஏரியைச் சுற்றி ஓடுவார்கள். பின்னால் யாரும் துரத்தவில்லை, முன்னால் பஸ் எதுவும் கிளம்பவில்லை. அப்புறம் எதற்கு இந்த ஓட்டம் என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஓடுவார்களே தவிர பதில் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலத்துக்காரர். ஜீப் ஓட்ட மலைக்கு வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் இந்த மலையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தார் ரோடு மட்டும்தான். எந்த வளைவில் எந்தக் கியர், எந்த மரத்தடியில் ஹாரன், எங்கே தண்ணீர் ரோட்டில் வழிந்து வழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ரோட்டை விட்டு ஒரு அடி கீழே வைக்க மாட்டார். முள் இருக்கும், பாம்பு இருக்கும் என்பார். நான் இந்த மலையிலேயே செம்மநத்தம் கிராமத்தில் பிறந்தவள். எங்களுக்கு ரோடு என்பது பஸ் போவதற்கு. ஆள் போவதற்குக் குறுக்குத்தடம் இருக்கிறது. ரோடு ஒரு எஸ்டேட்டைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கி வருவதற்குள், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடித் தடத்தில் இறங்கிக் கீழ் ரோட்டில் போய் நிற்போம். பள்ளிக்கூடம் போனதும் அப்படித்தான், விறகு சுமந்ததும் அப்படித்தான்.

இன்னொன்று, அவர் குரல். அப்படி ஒரு குரல். ஒரு வளைவில் நின்று கூப்பிட்டால் மூன்று வளைவு தாண்டிக் கேட்கும். வீட்டில் அவர் கோபித்துக்கொண்டால் எங்கள் குழம்பில் உப்பு எத்தனை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். எனக்கு மானம் போகும். மெதுவாகப் பேசுங்களேன் என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம், சேலத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தவர் ஸ்டாண்டில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஆட்களை இறக்கிவிட்டு, அப்புறம்தான் கீழே உட்கார்ந்தார். சட்டை முழுக்க வேர்வை. சேலத்துக்குக் கொண்டு போனோம். நெஞ்சுக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்தார். ஆனால் அந்தக் குரல் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே ஜீப் சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து டாக்டர் மறுபடி சோதித்துப் பார்த்தார். அவரை மெஷின் மேல் நடக்க வைத்து, ஓட வைத்து, காகிதத்தில் கோடுகளைப் பார்த்துவிட்டு, "இனி எல்லாம் செய்யலாம். நடங்க, மெதுவா ஓடுங்க, வண்டியும் ஓட்டுங்க" என்றார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். டாக்டருக்கு என்ன, அவர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வண்டி நிறையப் பிள்ளை குட்டிகளோடு வளைவில் ஏறும்போது மறுபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், அந்த நிமிஷம் டாக்டரா வந்து ஸ்டீயரிங் பிடிப்பார்? சாவியைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போடவில்லை. "சரி புள்ள" என்று விட்டுவிட்டார். தினம் கொட்டகைக்குப் போய் ஜீப்பைத் துடைப்பார். ஒரு நாள் காப்பி கொடுக்கப் போனபோது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நிற்கிற வண்டியில் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். நானும் பார்க்காத மாதிரி டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கெல்லாம் கடையில் எடை போட்டதையே திரும்பத் திரும்ப எடை போட்டேன்.

அப்போதிருந்தே எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் வீட்டு நினைப்பு, வீட்டுக்குப் போனால் அவர் மூச்சு சீராக வருகிறதா என்ற நினைப்பு. அவர் தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு நிற்பேன். சொம்புச் சத்தம் நின்றால், "ஏனுங்க?" என்பேன். "இருக்கறேன்" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை ஏனுங்க, எத்தனை இருக்கறேன்! மனுஷனுக்கு அலுப்புத் தட்டாமல் என்ன செய்யும்?

அலுத்துப்போய்த்தான் ஓடுகிறவர்களோடு சேர்ந்தார் என்று நினைக்கிறேன். அந்த ஓட்டக் கிளப்புக்குச் செயலாளர், கடை வீதியில் குடையும் ஷூவும் விற்கிற பாய். அவர்தான் முதலில், "சும்மா நடங்கண்ணே, ஓடச் சொல்லல" என்று கூட்டிக்கொண்டு போனார். நடந்தது மெதுவோட்டமாயிற்று. பிறகு கிளப்பின் பந்தயத்துக்குத் தட்டி கட்டினார்கள். ஏரியில் தொடங்கி மேலே ஏறி, எஸ்டேட்டைச் சுற்றி இறங்கி மறுபடி ஏரிக்கு. ஐந்து கிலோமீட்டர்.

"பேரு குடுத்துட்டேன்" என்று சாப்பிடும்போது சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். "எதுக்குங்க? ஆருகிட்ட மெடலு வாங்கப் போறீங்? டாக்டரு மெதுவா ஓடச் சொன்னா பந்தயத்துலயா ஓடச் சொன்னாரு?"

"மெதுவாத்தான் ஓடப் போறேன்."

"மெதுவா ஓடறதுக்கு எதுக்கு முதுகுல நம்பரு?"

அவர் குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏறியது. யோசிக்காமல் வாயை விட்டேன். "சரி, ஓடுங்க. நிக்காம உக்காராம முழுசா ஓடி முடிச்சுக் காட்டுங்க. அன்னிக்கே சாவியத் தந்துடறேன். முடிக்கலீன்னா வண்டிய வித்துப்போடலாம்."

அவர் நிமிர்ந்தார். பல மாதத்துக்கு அப்புறம் நேராக என்னைப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

சொல்லிவிட்ட பிறகுதான் உறைத்தது. சாவிக்காக மனுஷன் உயிரைக் கொடுத்து ஓடிவிடுவாரே! மறுநாள் கடையைப் பாதி சாத்திவிட்டு பாய் கடைக்குப் போய் என் பெயரையும் கொடுத்துவிட்டேன். பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, எங்களப் பாத்து வேல இல்லாதவங்கன்னு சொல்லுவீங்களே!" என்றார். "இப்பவும் அதேதான் சொல்றேன், ஷூவக் காட்டுங்க" என்றேன்.

வீட்டில் இவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நீ பின்னால வா. முன்னால வந்து என்ற மூஞ்சியத் திரும்பித் திரும்பிப் பாத்தீன்னா எனக்கு ஓட வராது. பின்னாலயே வரணும்." சரி என்று வாக்குக் கொடுத்தேன். பின்னால் இருந்தால் விழும்போது பிடிக்கலாம் என்று எனக்கும் ஒரு கணக்கு.

பந்தயத்தன்று காலையில் ஏரி தெரியவில்லை. அத்தனை மூட்டம். சுடிதார் போட்டு, மஞ்சள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டேன். அதற்கு மேல் ஒரு இடுப்புப் பை. அதில் என் போன், அவர் போன், நாக்குக்கு அடியில் வைக்கிற அவருடைய மாத்திரை. பையின் உள்பக்கம் ஊக்குக் குத்தி ஜீப் சாவி. அவர் வெள்ளைத் தொப்பி போட்டு, கையை வீசிக்கொண்டு வந்தார். போனையாவது தன்னிடம் வைத்துக்கொள்கிறேன் என்றார். "ஓடறவருக்கு எதுக்குங்க பாரம், நான்தான பின்னால வர்றேன்" என்று நான்தான் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மேசையில் பரிசுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒரு ஹாட் பாக்ஸ். அந்த வரிசையில் நான், ஒரு பள்ளிக்கூட டீச்சர், இன்னும் இரண்டு மூன்று பேர். டீச்சர் கையைக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு வெளுத்திருக்கிறதா, குளிருக்கு அப்படி இருக்கிறதா?

பாய் விசில் ஊதினார். இளசுகள் பாய்ந்து போயின. நாங்கள் கடைசிக் கூட்டத்தில் மெல்ல ஏறினோம். அவர் முன்னால், நான் பின்னால். ஏற்றத்தில் அவர் ஓட்டம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டி ஓட்டுகிற மாதிரியே ஓடினார். ஏற்றம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தார், வளைவில் உள்பக்கம் போகாமல் அகலமாக எடுத்தார், எதிரே ஒரு பால் வண்டி வந்தபோது கையை வேறு காட்டினார். எனக்குத்தான் கால் நிலைகொள்ளவில்லை. கிட்டே போய்ப் போய் அவர் மூச்சைக் காது கொடுத்துக் கேட்பேன். என் ஷூச் சத்தம் கேட்டதும் திரும்பாமலே கையைப் பின்னால் ஆட்டி, தள்ளி வா என்பார். தள்ளிப் போவேன். மறுபடி கிட்டே போவேன்.

"ஏனுங்க?"

"இருக்கறேன்."

பந்தயத்திலும் இதே பாட்டுத்தான். பக்கத்தில் வந்த டீச்சருக்குச் சிரிப்பு.

மேட்டில் ஏறி முடித்ததும் ரோடு எஸ்டேட் ஓரமாக இறங்க ஆரம்பித்தது. டீச்சர் மூச்சு வாங்கிக் கொஞ்சம் பின்தங்கினார். அங்கேதான் மூட்டம் மொத்தமாக வந்து இறங்கியது. முன்னே போன ஷூச் சத்தங்கள் அடங்கிப்போயின. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய வெள்ளைத் தொப்பி மட்டும். அதுவும் ஒரு வளைவில் கரைந்துபோயிற்று. எட்டிப் பிடிக்க வேண்டும் என்று காலை வேகமாகப் போட்டேன். நினைப்பு முழுக்க அந்தத் தொப்பியில் இருந்தது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எத்தனையோ பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். முழங்கையில் ஈரமான காப்பி இலை உரசியது ஞாபகம் இருக்கிறது. ஒரு சில்வர் ஓக் மரத்தைக் கையால் பிடித்துத் திரும்பியதும் ஞாபகம் இருக்கிறது. அது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பவர்கள் தார் ரோட்டில் பிறந்தவர்கள். கரண்டு போனால் நம் வீட்டில் தீப்பெட்டி இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகிறதே, அதுபோல கால் போயிற்று. அந்த வளைவு வந்தால் என் கால் சின்ன வயதிலிருந்து ஒரே பக்கம்தான் திரும்பும். மறுபடி தார் ரோடு காலுக்கு வந்தபோது நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். தொப்பியை மட்டும் காணோம்.

இறக்கத்தில் வேகம் எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கோபம் பொங்கியது. சாவி ஆசை! மெதுவாக ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டு இப்படிப் பாய்ந்து போனால் நெஞ்சு என்ன ஆகும்? வரட்டும், சாவியைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டேன். "ஏனுங்க! மெதுவாப் போங்க!" என்று வெற்று ரோட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினேன். பதில் வரவில்லை. பதில் வராததால் இன்னும் வேகமாக ஓடினேன். அப்படி என் வாழ்நாளில் நான் ஓடியதில்லை.

ஏரிக்கரையில் கைதட்டினார்கள். பாய் மைக்கில் என்னவோ சொன்னார். யாரோ கழுத்தில் மெடலை மாட்டினார்கள். "அக்கா, உங்க வயசுல நீங்கதான் பர்ஸ்ட்டு! ஹாட் பாக்ஸ் உங்களுக்குத்தான்!" என்று பாய் சிரித்தார்.

"அவரு எங்கீங்க?"

"அண்ணன் இன்னும் வரலீங்களே."

"என்ன பாய் வெளையாடறீங்? என்ற முன்னாலதான் போனாரு."

"இல்லீங்கக்கா. வந்திருந்தா மொதல்ல நான்தான கட்டிப் புடிச்சிருப்பேன்."

தண்ணீர் குடிக்கிறவர்கள், தரையில் படுத்துக் கிடக்கிறவர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை. கை தானாக இடுப்புப் பைக்குப் போயிற்று. மாத்திரை என்னிடம் இருந்தது. அவர் போனும் என்னிடம்.

"வழியில உழுந்து கெடந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே! அதே ரோட்டுலதான வந்தேன்!" என்று கத்தினேன்.

பாய் என் தோளைத் தொடாமல் பக்கத்தில் நின்று, நிதானமாகக் கேட்டார். "அக்கா, எஸ்டேட் கேட்டுகிட்ட தண்ணி மேச போட்டிருந்தமே, அங்க அண்ணன் இருந்தாரா?"

"எந்த மேச?"

"கேட்டுகிட்ட. ஆரஞ்சு முட்டாயி குடுத்துக்கிட்டு இருப்பாங்களே, நீங்க வாங்கலீங்களா?"

நான் எந்த மேசையையும் பார்க்கவில்லை. எந்த கேட்டையும் பார்க்கவில்லை. என் சுடிதார் முழங்காலில் காப்பி இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாயும் அதைப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, குறுக்கால வந்துட்டீங்களா?"

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் கன்னத்தில் விட்டிருப்பேன். எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. நான் அவருக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருந்திருக்கிறேன். அவர் எனக்குப் பின்னால் எங்கோ இருக்கிறார். "ஏனுங்க?" என்று கேட்காமல் போனதும் திரும்பிப் பார்த்திருப்பார். பின்னாலேயே வருவேன் என்று வாக்குக் கொடுத்தவளைக் காணோம். மூட்டத்தில் பள்ளம் எது, ரோடு எது என்று தெரியாது. அவருக்கு என்ன தோன்றியிருக்கும்!

பாய் போனை எடுத்து வண்டிக்குச் சொல்வதற்குள் நான் வந்த வழியே ஓட ஆரம்பித்துவிட்டேன்.

எதிரே இறங்கி வந்தவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். பந்தயத்தில் எதிர்த்திசையில் ஓடுகிற பெண்ணைப் பார்த்து, "பினிஷ் அந்தப் பக்கம்" என்று ஒருவர் கை காட்டினார். குறுக்குத்தடம் ரோட்டில் வந்து சேர்கிற இடம் வந்தது. கால் அந்தப் பக்கம் இழுத்தது. அதில் ஏறினால் சீக்கிரம் மேலே போகலாம். ஆனால் அவர் ரோட்டில் அல்லவா வருவார்? நான் மேலே ஏறும்போது அவர் கீழே இறங்கினால் மறுபடி இதே கதைதான். தொடையில் கையால் அடித்துக்கொண்டு ரோட்டிலேயே போனேன். அந்த ரோடு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வளைவுக்கு அப்புறம் வளைவு. இத்தனை வருஷம் இதையெல்லாம் அவர் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார், நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

டீச்சர் எதிரே வந்தார். "வெள்ளத் தொப்பி போட்டவரப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்காரு! திரும்பி மேல ஏறிப் போனாரு. ரெண்டு தடவ ஏறி எறங்கிட்டாரு. நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

மேலே ஏறினாராம். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. மாத்திரை என் இடுப்பில். ஐயோ சாமி, என்று எனக்கு வாயில் வந்தது அவ்வளவுதான். எஸ்டேட் கேட்டைத் தாண்டினேன். மேசையில் ஆரஞ்சு மிட்டாய் இருந்தது. அங்கே நின்ற பெண்ணும் அவர் மேலே போனார் என்றுதான் சொன்னாள்.

அப்போது கேட்டது.

"ஏ புள்ளேய்ய்!"

மூட்டத்துக்குள்ளிருந்து, மேலே எங்கோ இரண்டு மூன்று வளைவுக்கு அப்பால் இருந்து. நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்திருந்தேனே, அதே குரல். மலையே எழுந்துகொள்கிற மாதிரி. மறுபடி கூப்பிட்டார். இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அதில் ஒரு நடுக்கம் இருந்தது. அதைக் கேட்டதும்தான் நான் குரல் கொடுத்தேன்.

"இருக்கறேன்! இங்கதானுங்க இருக்கறேன்!"

இறங்கி வந்தார். தொப்பி இல்லை. முழங்கால் வரை சேறு. கையெல்லாம் முள் கீறியிருந்தது. பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்ததாம். என் துப்பட்டா என்று நினைத்து, ரோட்டை விட்டு ஒரு அடி வைக்காத மனுஷன், செடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கியிருக்கிறார். போய்ப் பார்த்தால் உரச் சாக்கு.

என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் இருந்த மெடலைப் பார்த்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"எங்க போய்த் தொலஞ்ச? பின்னால வர்றேன், பின்னால வர்றேன்னு சொல்லிப்போட்டு எங்க போன நீ? திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்! எந்தப் பள்ளத்துல கெடக்கறியோன்னு நான் ஒவ்வொரு பொதராத் தேடறேன், நீ அங்க மெடலு வாங்கிக்கிட்டு நிக்கற!"

"ஏனுங்க, மாத்திர வேணுமுங்களா?"

"மாத்திரயக் கொண்டுபோய் ஏரியில போடு! ஒரு போனக் குடுத்தியா என்றகிட்ட? பாரமாம் பாரம்! கூப்பிட்டா ஏன்னு கேக்கக்கூடாதா? தொண்ட கிழியக் கூப்பிடறேன், செவிடா உனக்கு? இத்தன நாளா என்னிய நிமிசத்துக்கு ஒருக்கா ஏனுங்க ஏனுங்கன்னு உசிர எடுத்தியே, இன்னிக்கு எங்க போச்சு உன்ற ஏனுங்க?"

கேட்டை ஒட்டியிருந்த எஸ்டேட் தொழிலாளிகளின் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பாய் அனுப்பிய வண்டி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. டிரைவர் இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போகவில்லை. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுக்கவில்லை. மூச்சுக்கு ஒரு இடத்திலும் நிற்காமல் திட்டிக்கொண்டிருந்தார். மலையை ஏறி இறங்கி ஏறி, பள்ளத்தில் இறங்கி, பயத்தில் செத்துப் பிழைத்து, அதற்கு மேல் இந்தத் திட்டு. எந்த டாக்டர் மெஷினில் இப்படிச் சோதிப்பார்? எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அழுகையும் கூடவே வந்துவிட்டது.

இடுப்புப் பைக்குள் கைவிட்டு ஊக்கைக் கழற்றினேன். அவசரத்தில் விரலில் குத்திவிட்டது. சாவியை எடுத்து நீட்டினேன்.

"…பொம்பள ஒருத்தி ரோட்டுல ஓடச் சொன்னா ரோட்டுல ஓடணும், இவளுக்கு ரோடு ஆகாது, காட்டுக்குள்ள போயிருக்கறா…" என்று சொல்லிக்கொண்டே சாவியை வாங்கி, அது என்னவென்று பார்க்காமலே கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே திட்டினார்.

வண்டியில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டு நடந்தே இறங்கினோம். கீழே போய்ச் சேர்வதற்குள் பினிஷ் தட்டியை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார்கள். ஆக, அவர் பந்தயத்தை முடிக்கவே இல்லை. நான் மெடலைக் கழற்றி பாயிடம் கொடுத்தேன். ஹாட் பாக்ஸ் டீச்சருக்குப் போயிற்று. டீச்சர் அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

"நொம்ப நல்ல பாக்ஸு" என்றார் இவர், வீட்டுக்கு வருகிற வழியில். "அதையும் கெடுத்துப்போட்ட."

"சாவி எங்கீங்க?" என்றேன்.

பையைத் தொட்டுப் பார்த்தார். நடந்துகொண்டிருந்தவர் நின்றார். நான் எப்போது கொடுத்தேன் என்றே அவருக்குத் தெரியவில்லை. சாவியை வெளியே எடுத்துப் பார்த்து, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

அன்று சாயங்காலமே கொட்டகையைத் திறந்தார். மாதக்கணக்கில் நின்ற வண்டி, பேட்டரி செத்துக் கிடந்தது. அவர் சீட்டில் உட்கார, நான் பின்னால் நின்று இறக்கத்தில் தள்ளினேன். கொஞ்ச தூரம் உருண்டு, இருமி, பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் அணைந்துவிடும் என்று ஊர்ந்துகொண்டே இருந்தார். நான் ஓடிப்போய் முன் சீட்டில் தொற்றி ஏறினேன். மூட்டம் இன்னும் விலகவில்லை. எஸ்டேட் ரோட்டில் இறங்கினோம். காலையில் நான் தொலைந்துபோன வளைவு வந்தது. அங்கே வேகத்தைக் குறைத்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்குகிற தடத்தை எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்த வழியாகப் போயும் அவர் கண்ணில் அது பட்டதில்லை.

"இதுலயா போன?"

"ஆமாங்க."

தலையை ஆட்டிவிட்டு ஹாரன் அடித்துத் திருப்பினார். அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. அவர் கை ஸ்டீயரிங்கில் சாவதானமாக இருந்தது. நான்தான் நுனி சீட்டில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் தரைத் தகரத்தை மிதித்தபடி வந்தேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கால எடு புள்ள. பிரேக்கு என்ற பக்கம்தான் இருக்குது."

எடுத்தேன். அடுத்த வளைவில் மறுபடி வைத்துவிட்டேன்.